வளைவில் நின்ற பெட்டி

மகன், ஸலாம் சொல்லி எழுதுகிறேன். போனில் தட்டி எழுத என் விரல்களுக்கு வராது என்பது உனக்குத் தெரியும். தாளில் எழுதுகிறேன், உன் தங்கச்சி சிபானா அதைப் படம் பிடித்து அனுப்புவாள். போன வாரம் நீ அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. நீ வேலை செய்யும் ரயில் பணிமனையில், தூக்கி வைத்த பெட்டிக்கு அடியிலிருந்து வெளியே எடுத்துப் போட்டிருந்த ஒரு போகி. சாம்பல் நிறம் பூசிய சட்டகம், இரண்டு அச்சு, என் முழங்காலுக்கு மேல் வரக்கூடிய நான்கு சக்கரம். கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய்: "வாப்பா, இது நம்மட போகியில இருந்து என்னத்துல வித்தியாசம்?" நீ கடல் கடந்து போன பிறகு நீயாக எங்களிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். உம்மா அனுப்புகிற குரல் பதிவுகளுக்கெல்லாம் "சுகம்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறாய். அழைத்தால் எடுப்பதில்லை. ஆகவே அந்த ஒரு வரியை நான் பல தடவை வாசித்தேன். நீ இரும்பைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று எனக்குப் பட்டது. ஆனாலும் கேட்டது இரும்பைப் பற்றி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீ அனுப்பிய படத்தில் இருப்பது நான்கடி எட்டரை அங்குலத் தண்டவாளத்தில் ஓடும் போகி. நான் கொழும்பு ரயில் வேலைத்தளத்தில் பின்னாட்களில் பார்த்தது ஐந்தரை அடி, நம் நாட்டுப் பெரிய லைன். அதற்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவிசாவளைப் பக்கம் ஓடிய சின்ன லைன், அது இரண்டரை அடி. உறுப்புகளின் பெயர் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான். சட்டகம், அச்சு, ஸ்பிரிங், பெட்டியின் அடிக்குமிழ் வந்து உட்காரும் நடுக் கிண்ணம், பெட்டி சாயும்போது தாங்கிக்கொள்ள இரு பக்கமும் இரண்டு கட்டைகள். சின்ன லைன் போகியில் சக்கரம் சிறியது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் தூரம் குறைவு, அப்போதுதான் மலையடிவாரத்துக் கூர்மையான வளைவுகளில் அது திரும்பும். தாங்கும் கட்டைகளும் ஸ்பிரிங்குகளும் ஒன்றுக்கொன்று கிட்ட நிற்கும். ஆனால் தண்டவாளம் ஒடுங்கியதற்காக மனிதர்கள் ஒடுங்கமாட்டார்களே. ஆட்கள் உட்கார வேண்டுமென்றால் பெட்டியை ஆறடி, ஏழடி அகலத்துக்குக் கட்டத்தான் வேண்டும். இரண்டரை அடித் தண்டவாளத்தின் மேல் ஏழடிப் பெட்டி என்றால், சன்னலோரம் இருப்பவன் தண்டவாளத்தை விட்டு மிகவும் வெளியே இருக்கிறான். உன் பணிமனைப் பெட்டியிலும் சன்னலோரத்து ஆள் கொஞ்சம் வெளியேதான், ஆனால் அவன் எழும்பினாலும் சாய்ந்தாலும் அந்தப் போகிக்கு அது பொருட்டில்லை. சின்ன லைன் போகிக்கு ஒவ்வொரு ஆளும் உறைக்கும். பாரம் கீழேயும் நடுவிலும் இருக்கும்வரை அது நல்ல பிள்ளை. பாரம் உயர்ந்து ஒரு பக்கம் போனால் தடுப்பதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை.

கல்யாணமான புதிதில் உன் உம்மாவை நான் அந்தச் சின்ன லைனில் கூட்டிக்கொண்டு போனேன். அவ அதற்கு முன் மட்டக்களப்பில் ஏறிக் கொழும்பில் இறங்கிய ஒரு பயணத்தைத் தவிர ரயிலே கண்டதில்லை. பாதி வழியில் முகம் வெளுத்து, தொட்டிலில் போட்டு ஆட்டுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி, பேர் தெரியாத ஒரு தரிப்பிடத்தில் இறங்கிவிட்டா. நாங்கள் பஸ்ஸில்தான் திரும்பி வந்தோம். அதைச் சொல்லி நீங்கள் இருவரும் சின்ன வயதில் அவவைச் சிரிக்க வைப்பீர்கள். இப்போது அந்தக் கதையை யாரும் எடுப்பதில்லை. போகி, ரயில், தண்டவாளம் என்ற சொற்களே இந்த வீட்டில் ஆகாது. இந்த இரும்பை நீங்கதான் புள்ளைகள்ட தலைக்குள்ள போட்டீங்க என்று ஒரு தடவை என்னிடம் சொன்னா. இன்றைக்கு அவ தன் தங்கச்சி வீட்டுக்கு மருதமுனைக்குப் போயிருக்கிறா, அதனால்தான் விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து எழுத முடிகிறது.

அந்த விடுதிக்காரர் முதன்முதல் நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். கடலும் களப்பு நீரும் கிட்டக்கிட்ட வரும் இடத்தில் உல்லாச விடுதி கட்டியிருந்தார். சின்ன லைனை அகலமாக்கியபோது கழித்துவிட்ட போகிகள் யாரோ ஒரு பழைய இரும்பு வியாபாரியிடம் நெடுங்காலம் கிடந்து, சுற்றிச் சுற்றி அவர் கைக்கு வந்திருந்தன. களப்பைச் சுற்றி ஒரு சின்ன ரயில் விட வேண்டும், பெட்டி கட்டித் தர உங்கள் மகனால் முடியுமா என்று கேட்டார். நான் உன்னோடு வந்து பார்த்தேன். நான் இளம் வயதில் தூக்கி இறக்கிய அதே மாதிரிப் போகிகள், உப்புக் காற்றில் செம்மண் நிறமாகிக் கிடந்தன. எனக்கு உண்மையில் சந்தோசமாக இருந்தது, அதை இப்போது மறைத்து என்ன. நீ உன் வெல்டிங் கடையை மூடிவிட்டு அந்தப் போகம் முழுக்க அங்கேயே கிடந்தாய். நான் சொன்ன அளவை நீ ஒரு விரல்கூட மீறவில்லை. ஒடுங்கின பெட்டி, தாழ்ந்த தளம், நடுவில் முதுகோடு முதுகு சேர்ந்த ஆசனம், தளத்தின் அடியில் கனத்துக்காக இரும்புத் தகடு. டிராக்டர் எஞ்சின் பூட்டிய ஒரு சின்ன இயந்திரம் இரண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு மனித நடையை விடக் கொஞ்சம் வேகமாகப் போகும். வெள்ளைக்காரர்களும் வந்தார்கள், நம் ஊர்ப் பிள்ளைகளும் பெருநாளைக்கு வந்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

பிறகு அவர் மேல்தட்டுக் கேட்டார். களப்பு நன்றாகத் தெரிய வேண்டும், ஆட்கள் மேலே நின்று படம் எடுக்க வேண்டும், பெட்டியும் இன்னும் அகலமாக வேண்டும் என்றார். அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். பஸ்ஸுக்கு மேல்தட்டு வைக்கிறார்களே, இதற்கு ஏன் கூடாது என்று மெய்யாகவே கேட்டார். நீ முடியாது என்றாய். விளங்கப்படுத்தியும் பார்த்தாய். கடைசியில் வேலையை விட்டுவிட்டு வந்தாய். வெளியூரிலிருந்து பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற ஆட்கள் வந்து அவர் கேட்டதைக் கட்டிக் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பெட்டி தெரியும், அதற்கு அடியில் இருப்பதைப் பற்றி அவர்கள் யோசிக்கவில்லை. இயந்திரம் ஓட்டுவதற்கு ஆள் தேவைப்பட்டது. உன் மச்சான் நௌசாத் போனான்.

அவன் ஏன் போனான் என்று நீ அப்போது கோபத்தில் யோசிக்கவில்லை. சாகாமத்து வயல்களில் அவன் பிறருடைய டிராக்டர் ஓட்டினான். உழவுக்கும் சூடு அடிப்புக்கும் அழைப்பார்கள், மற்ற மாதங்களில் இந்த விறாந்தையில் உட்கார்ந்திருப்பான். நம் வழக்கப்படி கல்யாணம் முடித்து வந்து பெண் வீட்டில் இருக்கிறவன், மாமனாரும் மச்சானும் உழைத்துச் சாப்பிடும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று நானும் மாப்பிள்ளையாகப் பெண் வீட்டுக்கு வந்த காலத்திலேயே அறிவேன். வருடம் முழுக்க இருக்கிற ஒரு வேலை, அதுவும் டிராக்டர் எஞ்சின். அவனுக்கு அது வாய்ப்பாகத் தெரிந்தது. உனக்குத் துரோகமாகத் தெரிந்தது. நீங்கள் இருவரும் கல்யாணத்துக்கு முன்பே கூட்டாளிகள், ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள், அவனைச் சிபானாவுக்குக் கேட்கச் சொன்னதே நீதான். அந்த நெருக்கம்தான் பேச்சைக் கூர்மையாக்கியது என்று நினைக்கிறேன்.

நீங்கள் சண்டை பிடித்த அந்தப் பகல் உன் கடை வாசலில் நடந்ததை நான் கண்ணால் காணவில்லை. சிபானா உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், பக்கத்தில் நின்றிருக்கிறாள். அதில் ஏறாதே என்று நீ சொன்னாய். நீ விட்டுவிட்டுப் போன வேலையை நான் எடுத்ததுதான் உனக்குப் பொறுக்கவில்லை என்று அவன் சொன்னான். அதற்கு நீ சொன்ன பதில் ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. "அப்ப போய் அதுக்குக் கீழ கிடந்து சாவு." நீ அதைச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும் என்பதை இன்றுவரை நான் உனக்குக் காட்டியதில்லை. நௌசாத்தின் ஜனாஸாவைக் கபுறுக் குழியில் இறக்கும்போது நீ மண்ணைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாய். மௌலவி உன் தோளைத் தொட்டார். அப்போதே நினைத்தேன், இவன் அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று. கொஞ்ச நாளில் பயணம் என்றாய். எங்கே, என்ன வேலை என்று கேட்கக்கூட நீ எங்களை விடவில்லை. ஏஜன்சிக்காரன் கொடுத்த வேலை ரயில் பணிமனையாக அமைந்ததை நீ அங்கே போய்த்தான் அறிந்தாயோ, தெரிந்தே போனாயோ, எனக்குத் தெரியாது.

விபத்து நடந்தது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள். அன்றைக்கு அங்கே இருந்த கூட்டம் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. களப்பைச் சுற்றித் தண்டவாளம் வளையும் இடத்தில், ரயில் வளைவில் ஓடும்போது வெளிப்பக்கம் தள்ளாமல் இருக்க, வெளித் தண்டவாளத்தை உயர்த்திப் போட்டிருந்தார்கள். பெரிய லைனில் அப்படிப் போடுவதைப் பார்த்து அப்படியே போட்டது. உன்னுடைய தாழ்ந்த பெட்டிக்கு அது ஒன்றும் செய்யவில்லை. மேல்தட்டு வைத்த பெட்டியிலும் ஓடிக்கொண்டிருந்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் நின்றுவிட்டால் பெட்டி தானாகவே களப்புப் பக்கம் சாயும். பார்ப்பதற்கு அழகான பக்கமும் அதுதான். மேலே இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்பி அந்தப் பக்கம் வந்தார்கள், பெட்டி விழுந்தது. மணலில் விழுந்ததால் மற்றவர்களுக்குக் கை, கால் முறிந்ததோடு போயிற்று. நௌசாத் அடியில் இருந்தான்.

ஊர் என்ன சொன்னது என்று நீ கேட்டுவிட்டுத்தான் போனாய். ஆட்கள் படம் எடுக்கக் கேட்டார்கள், அவன் கொஞ்சம் கையில் கிடைக்கும் என்று வளைவில் நிறுத்தினான், அதுதான் நடந்தது என்றார்கள். பள்ளிவாசல் வாசலிலும் சந்தையிலும் அதே கதை. விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். போகியைப் பற்றிக் கேட்டார்கள், இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் எழுதியதைத்தான் அங்கேயும் சொன்னேன். ஏன் நிறுத்தினான் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அது அன்றைக்கு உண்மை. நீயும் அந்தக் கதையை நம்பித்தான் போனாய். நீ ஒழுங்காக விளங்கப்படுத்தாமல் சாபம் போட்டுவிட்டாய், விளங்காதவன் போய் நிறுத்திவிட்டான் என்று நீ நினைக்கிறாய். நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரிகிறது. போகிகளையே பார்த்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் வேலை செய்கிறவன் வேறு எதை நினைப்பான்.

இப்போது எழுத வந்ததற்கு வருகிறேன். பெரியநீலாவணைச் சந்திரனை உனக்குத் தெரியும், ரயிலில் டிக்கெட் கிழித்து, பின்பெட்டியில் பிரேக் பிடித்தவன். இடுப்பும் காலும் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு மாமியார் வீட்டில் கிடந்து, போன வாரம்தான் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியிருக்கிறான். ஆஸ்பத்திரியில் கிடந்தவனிடம் விசாரணைக்காரர் யாரும் வந்து கேட்கவில்லையாம். நடக்க முடிந்ததும் முதல் வந்தது நம் வீட்டுக்கு. ஓட்டோவிலிருந்து இறங்கி வாசல்வரை வர அவனுக்கு அவ்வளவு நேரம் எடுத்தது. இதே விறாந்தையில் உட்கார்ந்தான். சிபானா புருசனுக்காக இத்தா இருப்பதால் பிற ஆண் முன்னால் வரவில்லை, அறை வாசலில் திரைக்குப் பின்னால் நின்று கேட்டாள். அவள் நிற்பது அவனுக்கும் தெரியும். நிலத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அவர் படத்துக்கு நிப்பாட்டல்ல ஐயா. மாடு கிடந்திச்சி. வளைவுல, தண்டவாளத்துக்கு நடுவுல, ரெண்டு மாடு படுத்துக் கிடந்திச்சி."

அதற்கு முந்தைய நாட்களில் நௌசாத் அந்த வளைவில் ஒருநாளும் நிறுத்தவில்லையாம். ஆட்கள் கத்துவார்களாம், முதலாளியிடம் போய் முறையிடுவார்களாம், முதலாளி கூப்பிட்டு ஏசியும் இருக்கிறார். அவன் நேராகப் போய், வளைவு முடிந்து வரும் பாலத்துக்கு அந்தப் பக்கம், சமதரையில்தான் நிறுத்துவான். மேல்தட்டில் ஏறுகிறவர்களை எண்ணிப் பாதிக்கு மேல் ஏறவிடாதே என்று சந்திரனிடம் சொல்லி வைத்திருந்தான். பெருநாள் கூட்டத்தில் சந்திரனால் தடுக்க முடியவில்லை, படிக்கட்டில் அவனைத் தள்ளிவிட்டு ஏறினார்கள். இதைச் சொல்லும்போது சந்திரன் அழுதான். வளைவில் மாடுகளைக் கண்டு நௌசாத் ஹோர்ன் அடித்தான், அவை எழும்பவில்லை, நிறுத்த வேண்டியதாயிற்று. இறங்கி ஓடிப்போய் அவற்றை விரட்டினான். திரும்பிப் பார்த்தபோது மேல்தட்டு முழுக்க களப்புப் பக்கம் வந்து நின்றது. அவன் இயந்திரத்தில் ஏறியிருக்கலாம், மேட்டுப் பக்கம் நின்றும் கத்தியிருக்கலாம். சாயும் பக்கமாகவே ஓடி வந்தான், அங்கே நின்றால்தான் மேலே இருக்கிறவர்களுக்கு அவனைத் தெரியும். இரண்டு கையையும் உயர்த்தி மற்றப் பக்கம் போங்கள், மற்றப் பக்கம் போங்கள் என்று கத்தினான். சிலர் போனார்கள். அதனால்தான் அது மெதுவாக விழுந்தது, அதனால்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று சந்திரன் சொன்னான். அவன் போன பிறகும் சிபானா நெடுநேரம் திரைக்குப் பின்னாலேயே நின்றாள்.

அன்று மாலை நான் அவளிடம் ஒன்றைச் சொன்னேன், அதையே உனக்கும் சொல்கிறேன். நீங்கள் சண்டை பிடித்ததற்குப் பிறகு, பெருநாளுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால், அசர் தொழுதுவிட்டு வந்து பின்வளவில் தென்னைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நௌசாத் வந்து நின்றான். வாளியை என் கையிலிருந்து வாங்கித் தானே ஊற்றினான். பிறகு கேட்டான். "மாமா, மச்சான் செல்றது சரிதானா? அந்தப் போகி மத்தப் போகி மாதிரி இல்லியா?" நான் ஒரு செங்கல்லைக் குத்தென நிறுத்தி, மேலே பலகை ஒன்றை வைத்து, அதன் ஓரத்தில் அவனையே விரலால் அமத்தச் சொன்னேன். பலகை கவிழ்ந்தது. பிறகு இரண்டு செங்கல்லை அகல வைத்து, அதே பலகையை அதன் மேல் வைத்து அமத்தச் சொன்னேன். அவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. வளைவைப் பற்றி அவனே கேட்டான். ஓடினால் பரவாயில்லை, அங்கே நிறுத்தாதே என்றேன். அடுத்த உழவு தொடங்கியதும் வேலையை விட்டுவிடுகிறேன், அதுவரை கவனமாக ஓட்டுகிறேன் என்றான். போகும்போது, நான் வந்து கேட்டதை மச்சானிடம் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன், பெருநாளன்று வீட்டில் வைத்துக் கதைக்கிறேன் என்றான். பெருநாளன்று அவன் வேலைக்குப் போனான், நீ உன் கூட்டாளிமாரோடு போய்விட்டாய். மறுநாள் அது நடந்தது.

இவ்வளவு நாளும் இதை நான் ஏன் உனக்குச் சொல்லவில்லை என்று கேட்பாய். அவனுக்குத் தெரியும் என்று சொன்னால், தெரிந்தும் படத்துக்காக நிறுத்தினான் என்றாகிவிடும். மவுத்தானவனின் பேரில் அதையும் ஏற்றிவைக்க எனக்கு மனம் வரவில்லை. சிபானாவின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன். சந்திரன் வந்து மாட்டைச் சொன்ன பிறகுதான் என் வாய் திறந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவளும் ஒன்றைச் சொன்னாள். கடை வாசலில் சண்டை முடிந்து அவனும் அவளும் வீட்டுக்கு நடந்து வரும் வழியில், அவன் கோபப்படாமல் வந்தானாம். உங்கட காக்கா கோவத்துல கதைச்சாலும் இரும்பப் பத்தி பொய் கதைக்கமாட்டார் என்று உன்னைப் பற்றிச் சொன்னானாம். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்திருக்கிறான்.

ஆகவே மகன், நீ சொன்னது அவனுக்கு விளங்காமல் போகவில்லை. நீ சொன்னதால்தான் அவன் கேட்டான், கேட்டதால்தான் அந்த வளைவில் நிறுத்தாமல் ஓடினான், பாதிக்கு மேல் ஏற்றாதே என்றான். அப்படியிருந்தும் அவன் மவுத்தாகிவிட்டான். இதைக் கேட்டு உன் நெஞ்சு லேசாகிவிடும் என்று நான் எண்ணவில்லை. எனக்கு லேசாகவில்லை. ஒன்றும் தெரியாதவன் போய்விட்டான் என்பது ஒரு வலி, எல்லாம் தெரிந்து, முடிந்த அளவு ஒழுங்காக நடந்தவன் இரண்டு மாடுகளுக்காகப் போய்விட்டான் என்பது இன்னொரு வலி. முதலாவதில் கோபப்பட ஒரு ஆள் கிடைக்கிறான், நீ உன்னையே பிடித்துக்கொண்டாய். இரண்டாவதில் யாரைப் பிடிப்பது. விடுதிக்காரர் ஜனாஸாவுக்கு வந்து வெளியே ஒழுங்கையிலேயே நின்றார், உள்ளே வரக் கால் வரவில்லை. இப்போது தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். அந்தப் போகிகள் விடுதிக்குப் பின்னால் அடம்பன் கொடிக்குள் கிடக்கின்றன, நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். அச்சில் ஒரு பிழையும் இல்லை, சக்கரத்தில் தேய்மானம்கூடப் பெரிதாக இல்லை.

நீ சொன்ன அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துத் தர முடியாது. மௌலவியிடம் பொதுவாகக் கேட்டேன், பேர் சொல்லாமல். கோபத்தில் வாயால் வந்தது ஒருவனின் விதியை எழுதாது, ஆனால் வாயைக் காத்துக்கொள்ள வேண்டும் என்றார். அவர் சொன்னது சரி. அது உனக்கு எவ்வளவு உதவும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வாப்பாவாக நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அந்த வார்த்தை உன்னோடு இருக்கும், இன்னும் பல வருடம் இருக்கும். அதோடு வாழப் பழகு. அதற்காகச் சாப்பாட்டையும் பேச்சையும் குறைக்காதே. உம்மாவின் குரல் பதிவுகளைக் கேட்டு முடி, பாதியில் நிறுத்தாதே, கடைசியில்தான் அவ சொல்ல வந்ததைச் சொல்லுவா. இங்கே உன்னைக் குற்றம் சொல்ல ஒருவரும் இல்லை. அப்படி ஒருவர் இருந்தால் அவரிடம் வந்து மன்னிப்புக் கேட்டு நிற்பதற்கு உனக்கு ஒரு இடம் கிடைத்திருக்கும் என்றும் சில நேரம் நினைக்கிறேன்.

சிபானாவுக்குப் பிள்ளை பிறக்கிற மாசம் இது. அவன் போகும்போது அவளுக்கே நிச்சயமாகத் தெரியாமல் இருந்தது, அவனிடம் சொல்லியிருக்கவும் இல்லை. வயிற்றில் பிள்ளை இருப்பதால் அவளுடைய இத்தா பிள்ளை பிறக்கும்வரை நீண்டுவிட்டது. வெள்ளை உடுப்போடு அந்த அறைக்குள் இருந்துகொண்டு, சன்னல் வழியாகத் தெரியும் கொஞ்சம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மெலிந்துபோனாள். மிட்வைஃப் வந்து பார்த்துவிட்டுப் பிள்ளை நல்ல அசைவோடு இருக்கிறது, ஆனால் தாய் சாப்பிட வேண்டும் என்று ஏசிவிட்டுப் போனா. நான் இந்தக் கடிதத்தை எழுதப் போகிறேன் என்றதும் அவள் ஒன்றைச் சொன்னாள், அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"புள்ள பிறந்தா வலது காதுல பாங்கு சொல்ல அவர் இல்ல. காக்கா சொல்லட்டும் வாப்பா. வர ஏலாட்டி போனிலயாவது சொல்லட்டும்."

லீவு கேட்டால் கொடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது. போனில் பாங்கு சொல்வது கூடுமா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை. பிறந்ததும் உனக்கு அழைப்பேன். நீ எடுத்தால் போனைப் பிள்ளையின் காதடியில் பிடிப்பேன். எடுக்காவிட்டால் நானே சொல்லிவிடுவேன். என் குரல் இப்போது உடைந்துதான் வருகிறது, இருந்தாலும் சொல்லிவிடுவேன். பிள்ளையைக் காக்க வைக்க முடியாது.

வாப்பா